பொட்டு வைத்த முட்டைகள்

நான் என்ன படிக்கிறேன் என்று தாராவியில் யார் கேட்டாலும், அம்மா முந்திக்கொண்டு "முட்டைப் படிப்பு" என்று சொல்லிவிடுவாள். கேட்டவர்களும் ஏதோ கோழிப்பண்ணை வேலை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, "எப்பவும் நட்டம் வராத தொழில்தான்" என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போவார்கள். ஆரம்பத்தில் நான் திருத்திப் பார்த்தேன். கருவில் இருக்கும் மூளையில் நரம்புச் செல்கள் எப்படி உருவாகின்றன, ஒரு செல் பக்கத்துச் செல்லுக்கு என்ன சேதி சொல்கிறது, அந்தச் சேதி போய்ச் சேராவிட்டால் என்ன ஆகும், இதையெல்லாம் கோழிமுட்டைக்குள் வளரும் கருவில்தான் பார்க்கிறேன் என்று ஒருநாள் எங்கள் சந்தில் நின்று கையை ஆட்டி விளக்கினேன். பக்கத்து வீட்டு அத்தை முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப அந்த முட்டைய அப்புறம் திங்க முடியாதோ?" என்றாள். அன்றோடு திருத்துவதை விட்டுவிட்டேன்.

எங்கள் வீட்டின் கீழ்த்தளம் பட்டறை. பள்ளிக்கூடப் பைகள் தைக்கிறோம். மேலே ஏணிப்படி ஏறினால் வீடு. அப்பா தைப்பார், அம்மா தைத்த பைகளில் நூல் பிசிறு வெட்டுவாள். நான் செம்பூர்ப் பக்கம் ஓர் ஆய்வகத்தில் காலையில் போய் மாலையில் வருவேன். சட்டையில் நூல் ஒட்டிக்கொண்டு ஆய்வகத்துக்கும், விரலில் சாயம் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கும் போய்வந்ததுதான் என் ஆராய்ச்சி வாழ்க்கை.

ஒருநாள் காலையில் நூல் வெட்டிக்கொண்டே அம்மா கேட்டாள்.

"அந்த முட்டைக்குள்ள அப்பிடி என்னத்தட்டி பாக்க?"

யோசித்துவிட்டுப் பந்தியைச் சொன்னேன். கல்யாண வீட்டில் எல்லோரும் ஒரே வகைச் சொந்தம்தான், எல்லோருக்கும் பசிதான். ஆனால் முதல் பந்தியில் உட்காரப் போகிறவன் பக்கத்தில் நிற்பவன் தோளைத் தொட்டு, "நீ இப்ப நில்லு, அடுத்த பந்தியில உக்காரு" என்கிறான். வளரும் மூளையிலும் அப்படித்தான். நரம்புச் செல்லாக மாறத் தொடங்கும் ஒரு செல், தன் மேல்தோலில் ஒரு புரதத்தை நீட்டிப் பக்கத்துச் செல்லைத் தொடுகிறது. தொடப்பட்ட செல் அந்தச் சேதியைத் தன் உட்கரு வரைக்கும் கொண்டுபோய், மாறாமல் நிற்கிறது. நின்றபடியே பிரிந்து பிரிந்து பெருகுகிறது. பிறகு அதன் முறை வருகிறது. தொடும் தூரத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும் சேதி அது.

"அந்தச் சேதிய நான் மருந்து மாதிரி ஒண்ணு போட்டு நிறுத்துதேன்மா. என்ன ஆவுதுன்னு பாக்கேன்."

"என்ன ஆவும்? எல்லாரும் ஒரே பந்தியில போய் உக்காந்திருவான். பரிமாற ஆளு இருக்காது, அடுத்த பந்திக்கும் ஆளு இருக்காது."

"அதேதான்."

"இதுக்கா இத்தன வருசம்?" என்றாள் அம்மா.

இதைவிட மோசமான கேள்வியை எங்கள் கமிட்டியில் ஒருவர் கேட்டார். ஆய்வு மாணவர்கள் ஆண்டுக்கொருமுறை மூத்த விஞ்ஞானிகள் மூன்று பேர் முன்னால் நின்று, அதுவரை செய்ததைச் சொல்ல வேண்டும். நான் என் படங்களைக் காட்டினேன். சேதியை நிறுத்திய கருக்களில் நரம்புச் செல்கள் அவசரப்பட்டு உருவாகிக் குவிந்திருந்தன. பெருகவேண்டிய செல்களின் அடுக்கு தேய்ந்து போயிருந்தது. மூவரில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "எண்ணும்போது எந்த முட்டைக்கு எதைக் கொடுத்தாய் என்று உனக்குத் தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். "அப்படியானால் நீ பார்க்க விரும்பியதைத்தான் பார்த்திருப்பாய். எது எது என்று தெரியாமல் மறுபடியும் செய். இல்லையென்றால் உன் ஆய்வேட்டில் இந்த அத்தியாயம் செல்லாது" என்றார். அவர் சொன்னது சரி. சரியாக இருந்ததால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது.

அந்த அத்தியாயம் இல்லையென்றால் பட்டம் இல்லை. உதவித்தொகை அந்த ஆண்டோடு நின்றுவிடும். அப்பா தன் பங்குக்குத் தொலைவிலுள்ள கல்யாண் என்ற புறநகரில் ஒரு கோச்சிங் கிளாஸில் எனக்கு வேலை பேசி வைத்திருந்தார். "சயின்ஸ் டீச்சருக்கு என்ன கொறச்சல்?" என்பது அவர் கட்சி. எனக்குக் குறை இருந்தது. அந்த முட்டைகளை விட்டுவிட்டுப் போக எனக்கு மனமில்லை. இன்னொரு தொகுதி முட்டைக்குத்தான் நேரம் மிச்சம்.

என் ஆய்வுக்கு வழிகாட்டும் மேடம் மாட்டுங்காவில் குடியிருக்கும் தமிழ் ஐயர் வீட்டுக்காரர். பிறந்ததிலிருந்து முட்டையை வாயில் வைத்தவரில்லை. ஆனால் முட்டை ஓட்டில் நகத்தளவு ஜன்னல் வெட்டி, உள்ளே கருவைப் பதறாமல் பார்ப்பதில் அவர் கைக்கு ஈடு கிடையாது. அவர் ஒரு வழி சொன்னார். முட்டைகளில் பாதிக்கு, மூளைச் செல்களைப் பச்சையாக ஒளிரவைக்கும் மரபணுவை மட்டும் செலுத்துவது. மீதிப் பாதிக்கு அதோடு சேதியை நிறுத்தும் மரபணுவையும் செலுத்துவது. இரண்டுமே பச்சையாகத்தான் ஒளிரும். மின்துடிப்பு கொடுத்துச் செலுத்துவதால் அது மூளையின் ஒரு பக்கத்தில்தான் ஏறும், மறுபக்கம் இயல்பாக வளரும். நான் முட்டை ஓட்டில் வழக்கம்போல் பென்சிலால் குறி போட்டுவிட வேண்டும். கருவை வெளியே எடுக்கும் அன்று அவர் என் குறிகளை மறைத்துப் புது எண் கொடுத்துவிடுவார்.

முட்டைகள் வந்தன, காலையிலேயே செலுத்தி முடித்தேன், ஜன்னல்களைப் பிளாஸ்திரி வைத்து ஒட்டினேன். அப்போதுதான் நோட்டீஸ் வந்தது. பூஜை விடுமுறையில் மின்கம்பி வேலை, ஆய்வகக் கட்டடத்துக்கு மறுநாள் காலை வரை கரண்ட் கிடையாது.

"எங்காத்துக்கு எடுத்துண்டு போயிடுவேன்" என்றார் மேடம், "ஆனா முட்டை ஒரு வாசல் வழியா உள்ள வந்தா, எங்க மாமியார் இன்னொரு வாசல் வழியா வெளில போயிடுவா. நீ எடுத்துண்டு போடி. நாளைக்குக் காலம்பற கொண்டு வந்துடு."

முட்டைக்குச் சூடு கொடுத்து அடைகாக்கும், மேசையில் வைக்கும் சின்ன இன்குபேட்டர் ஒன்று இருந்தது. அதைக் காலடியில் வைத்துக்கொண்டு, முட்டைகளைச் சூடு போகாமல் தெர்மகோல் பெட்டியில் மடியில் ஏந்திக்கொண்டு டாக்ஸியில் வந்தேன். பெட்டியில் என்ன என்று டிரைவர் இந்தியில் கேட்டார். "அண்டா" என்றேன், முட்டைக்கு இந்தியில் அதுதான் பெயர். சயான் வரைக்கும் பாவம் ஒவ்வொரு பள்ளத்துக்கும் பிரேக் போட்டு ஓட்டினார். இறங்கும்போது டஜன் என்ன விலை என்று விசாரித்தார்.

மறுநாள் விடிந்தால் விஜயதசமி. நான் முட்டைகளோடு வந்த அன்றைக்கு ஆயுத பூஜை. பட்டறையில் தையல் மெஷின்களைக் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்துப் பூப்போட்டு உட்கார வைத்துவிட்டால், மறுநாள் வரை ஊசி கூட அசையக் கூடாது. எனக்கிருந்த பயமெல்லாம் அதைப் பற்றித்தான். பூஜை நாளில் ஒரு மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருப்பதை அம்மா ஒப்புவாளா?

"இன்னைக்கு எந்த மெஷினும் ஓடக் கூடாதுட்டி" என்றாள், நான் எதிர்பார்த்தபடியே.

"இது மெஷின் இல்லம்மா, கோழி. அடை உக்காந்திருக்கு."

நான் முட்டைகளை அடுக்கி ஓடவிட்ட இன்குபேட்டரின் கண்ணாடி வழியாக அம்மா பார்த்தாள். அடையில் இருக்கும் கோழியை எழுப்புவது பாவம் என்பது எங்கள் சொந்த ஊரான திருநெல்வேலியின் சட்டம். அது தாராவியிலும் செல்லும். "செரி, இருந்துட்டுப் போவட்டும்" என்றாள். நான் விதிகளை ஒப்பித்தேன். சுவிட்சை அணைக்கக் கூடாது. கதவைத் திறந்து போடக் கூடாது. பிளாஸ்திரி ஒட்டிய பக்கம் எப்போதும் மேலே இருக்க வேண்டும். மூன்றையும் அம்மாவைத் திருப்பிச் சொல்லவைத்து, நிம்மதியாக மாட்டுங்காவுக்குப் பூவும் பொரியும் வாழையிலையும் வாங்கக் கிளம்பினேன். பூக்கடைகளில் அன்றைக்குக் கால் வைக்க இடமில்லை. எனக்கோ உற்சாகம், யாரோடும் சண்டை போடாமல் பேரம் பேசினேன்.

திரும்பி வந்தபோது பட்டறை பளபளவென்று இருந்தது. மெஷின்களுக்குப் பொட்டு, கத்தரிக்கோலுக்குப் பொட்டு, அளவுநாடாவுக்குப் பொட்டு. இன்குபேட்டரின் நெற்றியிலும் சந்தனமும் குங்குமமும். அதுவரைக்கும் சிரித்தேன். பிறகு கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தேன். ஒவ்வொரு முட்டையின் வயிற்றிலும் வட்டமாகச் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். ஓடுகள் வெள்ளைவெளேரென்று இருந்தன. பென்சில் குறி ஒன்றுகூட இல்லை.

"எப்பிடி இருக்கு?" என்றாள் அம்மா. முகமெல்லாம் மலர்ச்சி. "சுவிட்ச அணைக்கல. கதவ ரெண்டே தடவதான் தொறந்தேன். பிளாஸ்திரி பக்கம் மேலதான் இருக்கு. முட்டையில எல்லாம் யாரோ பென்சிலால கிறுக்கி வச்சிருந்தாவ. ஈரத்துணி வச்சு அழுத்தித் தொடச்சதுலதான் போச்சு."

"யாரோ இல்லம்மா, நாந்தான்! எத எங்க இருந்து எடுத்த? அதே எடத்துலயாவது திருப்பி வச்சியா?"

"முறுக்குத் தட்டுல மொத்தமா எடுத்து வச்சுத் தொடச்சேன், பொட்டு வச்சேன், உள்ள அடுக்கினேன். எல்லாம் முட்டைதானட்டி?"

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அன்று அது மூக்கிலிருந்து இறங்கிச் சந்து வரைக்கும் போனது. பக்கத்து வீட்டு அத்தை படியிறங்கி வந்து எட்டிப் பார்த்தாள். எல்லாம் போச்சு, இனி கல்யாண்தான், கோச்சிங் கிளாஸ்தான், என்று கத்தினேன். அப்பா இது தன் கட்சிக்குச் சாதகமான செய்தி என்று தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

அம்மா கையிலிருந்த சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "அப்பாவோட மெஷினுக்கு வச்சேன், என் கத்திரிக்கு வச்சேன். ஒனக்கும் ஒரு தொழில் இருக்கு, அதுக்கும் ஒரு ஆயுதம் இருக்கு. வீட்டுக்குள்ள வந்த ஆயுதத்துக்குப் பொட்டு வைக்காம விட்டா நல்லாவா இருக்கும்?" என்றாள்.

இத்தனை வருஷம் நான் செய்வது தொழில் என்று அந்த வீட்டில் யாரும் ஒப்புக்கொண்டதில்லை. ஒப்புக்கொண்ட அன்றைக்கே அது நாசமாகிவிட்டது. எனக்கு அழுகையும் வந்தது, அம்மாவைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் பொரியில் வெல்லத்தைக் கலந்தேன்.

விஜயதசமி காலையில் முட்டைகளோடு ஆய்வகத்துக்குப் போனேன். வாசல் காவலாளி சோதனைக்காகப் பெட்டியைத் திறந்தார். உள்ளே பார்த்தார். ஒன்றும் கேட்காமல் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு என்னை உள்ளே விட்டார்.

கரண்ட் வந்துவிட்டதா என்று பார்க்க மேடம் மட்டும் வந்திருந்தார். மூடியைத் திறந்ததும் குனிந்து பார்த்தார். "யார் இட்டது? எவ்வளவு அழகா இட்டிருக்கா!" என்றார். நான் நடந்ததைச் சொல்லிவிட்டு, எல்லாம் போச்சு மேடம் என்று விசும்பினேன்.

"என்ன போச்சு? எந்த முட்டை எதுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது மேடம்."

"எனக்கு?"

"உங்களுக்கும் தெரியாது."

"உங்கம்மாவுக்கு?"

"எல்லாம் முட்டைதானேன்னு சொல்லிட்டாங்க."

"அந்தக் கமிட்டிக்காரருக்கு இதைவிட வேற என்ன வேணும்?" என்று மேடம் சிரிக்க ஆரம்பித்தார். "நான் எண் குடுத்திருந்தாக்கூட, எது எதுன்னு எனக்குத் தெரியுமே, என் மூஞ்சியைப் பார்த்து நீ கண்டுபிடிச்சேன்னு சொல்லியிருப்பார். இப்ப மூஞ்சியைப் பார்க்க ஆளே இல்லை."

"ஆனா கடைசியில யாரு சொல்லுவா, எது எதுன்னு?"

"கருவே சொல்லும்டி. அழுகைல உன் படிப்பெல்லாம் மறந்துடுத்தா?"

மறந்துதான் போயிருந்தேன். நாங்கள் செலுத்திய மரபணு அந்தச் செல்களுக்குள்ளேயே இருக்கிறது. ஒவ்வொரு கருவிலும் பச்சையாக ஒளிரும் பகுதியில் பின்பக்கமாக ஒரு துணுக்கு வெட்டி மேடம் பத்திரப்படுத்தி வைப்பார். முன்பகுதியைச் சீவிச் சாயமேற்றி நான் பார்ப்பேன். நான் பார்த்துப் பிரித்து முடித்த பிறகு, துணுக்குகளைச் சோதித்தால் எதில் சேதியை நிறுத்தும் மரபணு இருக்கிறது, எதில் இல்லை என்று தெரிந்துவிடும். ஓட்டில் எழுதியது போனாலும் உள்ளே எழுதியது போகவில்லை.

கருக்களை எடுத்து முடித்ததும் ஒரு சிக்கல். காலி ஓடுகளை மஞ்சள் பையில் போட்டு எரிக்க அனுப்ப வேண்டும். அது விதி. மேடத்துக்குக் கை வரவில்லை. "குங்குமம் வச்சதை எப்படிடி குப்பையில போடறது?" என்று, குழாயடியில் நின்று ஒவ்வொரு ஓட்டிலிருந்தும் சந்தனத்தையும் குங்குமத்தையும் கழுவிவிட்டுத்தான் பையில் போட்டார். முட்டையே சாப்பிடாதவர் முட்டை ஓட்டுக்குக் காட்டிய மரியாதையை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

பிறகு மைக்ரோஸ்கோப். அதுவரை எத்தனையோ தடவை பார்த்த காட்சிதான், ஆனால் எதுவும் தெரியாமல் பார்ப்பது வேறு. நரம்புச் செல்லில் மட்டும் ஒட்டும் சிவப்புச் சாயம் போட்டிருந்தோம். சில கருக்களில் மூளைச் சுவரின் இரண்டு பக்கமும் ஓரத்தில் மெல்லிய சிவப்புக் கோடு, ஒன்றைப் பார்த்து ஒன்று வரைந்ததுபோல. சிலவற்றில் ஒரு பக்கம் அப்படியே இருக்க, பச்சை ஏறிய பக்கத்தில் சிவப்பு திபுதிபுவென்று உள்ளே வரைக்கும் நெருக்கியடித்திருந்தது. பெருகுவதற்கென்று நிற்க வேண்டிய செல்கள் அங்கே கொஞ்சம்தான் மிச்சம். எல்லாரும் முதல் பந்தியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். இயல்பாக இருப்பது ஒரு தட்டு, நெருக்கியடித்தது ஒரு தட்டு என்று பிரித்துக்கொண்டே வந்தேன். ஒரு கரு மட்டும் எந்தப் பக்கமும் சாயாமல் என்னை வதைத்தது. என் மனம் அதை எனக்குச் சாதகமான தட்டுக்கு இழுத்தது. கண்ணாடி துடைத்த கமிட்டிக்காரரின் முகம் நினைவுக்கு வந்தது. அதைத் 'தெரியவில்லை' என்று தனியே வைத்தேன். அன்றைக்கு அவர்மேல் இருந்த கோபம் போய்விட்டது.

துணுக்குகளை மேடமே சோதித்தார். என்னை அறைக்குள் விடவில்லை. நான் வெளியே நடைபாதையில் நின்று, கல்யாணுக்குத் தினம் எந்த லோக்கல் ரயிலில் போவது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது. மேடம் கையில் இரண்டு தாள், ஒன்றில் நான் பிரித்த பட்டியல், ஒன்றில் சோதனை முடிவு. இரண்டும் ஒன்றாக இருந்தன. 'தெரியவில்லை' என்று வைத்த கருவில் எந்த மரபணுவுமே சரியாக ஏறியிருக்கவில்லை. மேடம் மாட்டுங்கா மரியாதையெல்லாம் மறந்து நடைபாதையிலேயே என்னைக் கட்டிக்கொண்டார்.

ஆய்வேட்டில் எப்படிச் செய்தோம் என்று எழுதும் பகுதியில் ஒரு வாக்கியம் தேவைப்பட்டது. குறிகள் எப்படிப் போயின என்று உண்மையைச் சொல்ல வேண்டும், அதே சமயம் சந்தனக் கிண்ணத்தை உள்ளே கொண்டுவர முடியாது. மேடம் யோசித்து ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினார். அதை அன்று மாலை பட்டறையில் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்.

"ஒன்னப் பத்தி எழுதியிருக்கும்மா. 'இந்த ஆய்வோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒருவர் முட்டைகளின் குறிகளை நீக்கினார்'னு."

அம்மா நூல் வெட்டுவதை நிறுத்தினாள். "யாரு? நானா சம்பந்தம் இல்லாதவ? ஒன்னப் படிக்க வைக்கணும்னு சொந்தக்காரங்ககிட்ட எல்லாம் பேச்சு வாங்குனது யாரு? சட்டையில நூலு ஒட்டிக்கிட்டுப் போறியேன்னு வாசல்ல நிறுத்திப் பிச்சு விடுதது யாரு? அந்த மேடத்த வரச் சொல்லு, நான் கேக்கேன்."

"சம்பந்தம் இருக்குன்னு எழுதினா செல்லாதும்மா. நீ ஒண்ணும் தெரியாம தொடச்சதாலதான் நான் சொல்லுதத நம்புவாங்க."

கத்தரியைக் கீழே வைத்தாள். பிறகு சிரித்தாள்.

"அப்ப செரி. நீ பந்தியில உக்காரணும்னா நான் நின்னுதான ஆவணும்."

அதை நான்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஆனால் சொல்லிக்கொடுத்தபோது எனக்கு அம்மாவின் நினைவு வரவே இல்லை. "நின்னது நின்னுக்கிட்டே இருக்காதும்மா, அடுத்த பந்தியில அதுக்கும் இலை உண்டு" என்றேன். "அதுவும் அந்த முட்டைக்குள்ள இருக்காக்கும்?" என்றாள். இருக்கிறது என்றேன்.

பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வுக்கு யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். அம்மா பட்டுப்புடவையில் வந்தாள். கடைசி வரிசை ஓரத்தில் சுவரோடு நின்றவளை, மேடம் கையைப் பிடித்து அழைத்துவந்து முதல் வரிசையில் தன் பக்கத்தில் உட்காரவைத்தார். நான் எதிரே நின்று பேசினேன். எல்லாம் ஆங்கிலம், அம்மாவுக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது. முடிவில் வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், முட்டைகளின் குறிகளை நீக்கியது யார் என்று கேட்டார். இந்த ஆய்வோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒருவர் என்று முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு சொன்னேன். மேடத்தால் முடியவில்லை, சிரிப்பை அடக்கிக்கொண்டு அம்மா பக்கம் திரும்பிவிட்டார். தேர்வாளரும் திரும்பினார், கண்ணாடிக்காரரும் திரும்பினார், அறை முழுவதும் திரும்பியது. அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.